புட்டு முடிந்தால் இடியப்பம்: எங்கள் பால் சங்கம் வாக்குமுறையை மாற்றிய கதை

எங்கள் சங்கத்தில் 96 உறுப்பினர்கள். எல்லோரும் மாடு வைத்திருப்பவர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் மூன்று குடியிருப்புகளுக்குப் பொதுவான பால் உற்பத்தியாளர் சங்கம் இது. வீதிக்கரை, குளத்தடி, காட்டோரம் என்றுதான் அவற்றை எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நான் செயலாளர். படிப்பித்து ஓய்வுபெற்றவள், தேர்தல் கடமைக்கும் பல தடவை போய் வந்தவள். இன்றைக்கும் ஊரில் எனக்கு 'ரீச்சர்' என்றுதான் பெயர்.

ஒன்பது பேர் கொண்ட நிர்வாகத்தை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தெரிவு செய்வோம். ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் வழிமொழிவார், கைகள் உயரும், முடிந்துவிடும். பார்க்க ஒற்றுமையாகத்தான் இருக்கும். ஆனால் வைக்கோலும் தீவனமும் கடனுக்குத் தருபவரின் முகத்துக்கு முன்னால் கையை உயர்த்தாமல் இருப்பது லேசான காரியமா? கூட்டம் காலை பத்து மணிக்கு வீதிக்கரையில் நடக்கும். காட்டோரம் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர். பால் கறந்து, கன்றைக் கட்டி, சைக்கிளில் வந்து சேரும்போது தெரிவு முடிந்து தேநீர் போய்க்கொண்டிருக்கும். நான் செயலாளராக இருந்த காலம் முழுவதும் காட்டோரத்திலிருந்து ஒருவர்கூட நிர்வாகத்தில் இருந்ததில்லை.

2024இல் அது வெடித்தது. வெயில் காலத்தில் காட்டோரத்துப் பால், சங்கத்தின் சேகரிப்பு நிலையத்துக்கு வந்து சேருமுன் திரைந்து போகிறது, திருப்பி அனுப்புகிறார்கள் என்று முறைப்பாடு. தங்கள் இடத்திலேயே ஒரு சேகரிப்பு வைத்துத் தரும்படி கேட்டார்கள். நிர்வாகம் மூன்று கூட்டங்களாக 'பார்ப்பம்' என்றது. மூன்றாவது கூட்டத்தில் காட்டோரத்து அக்கா ஒருவர் திரைந்த பாலைப் போத்தலோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உங்கட ஆக்கள் ஆரும் இந்தப் பாலைக் கொட்டினதில்லை. அதுதான் உங்களுக்கு அவசரமில்லை" என்றார். அந்தப் போத்தலுக்கு முன்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் தெரிவுமுறையை மாற்றவேண்டும் என்ற பேச்சு கூட்ட அறிக்கையில் ஏறியது.

எப்படி மாற்றுவது என்பதில் ஆளுக்கொரு கதை. நான் வீட்டுக்கு வந்து, சின்ன இடங்களில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடினேன். கண்ணில் பட்டது ஜேர்சி. எங்கள் தொழுவங்களில் நிற்கிற கலப்புப் பசுக்களுக்குப் பெயர் கொடுத்த அதே தீவு. பிரான்சின் கரைக்குக் கிட்டக் கிடக்கிறது, பிரித்தானிய முடிக்கு உட்பட்டது, தன் சட்டசபையைத் தானே நடத்துகிறது. பக்கத்தில் கேர்ன்சி, அதுவும் ஒரு மாட்டினத்தின் பெயர்தான். இரண்டு தீவுகளும் 'எங்கள் பிரதிநிதிகளை எந்த முறையில் தெரிவு செய்வது' என்று சனங்களிடமே கேட்டிருக்கின்றன. ஒரு தீவில் நடந்ததையும் மற்றத் தீவில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எங்களுக்கு என்ன தேவை என்று எனக்குப் பிடிபட்டது.

ஜேர்சியில் 2013 சித்திரை மாதம் மூன்று தெரிவுகளை வைத்துச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தது ஏறக்குறைய 26 வீதத்தினர்தான். ஒரு தெரிவு வென்றது. சில மாதங்களில் சட்டசபை அதை நிராகரித்துவிட்டது. எத்தனை பேர் வந்தால் முடிவு கட்டுப்படுத்தும் என்பது முன்கூட்டியே முடிந்த முடிவாக இருக்கவில்லை. தோற்ற பக்கத்துக்கு அதுவே கதவைத் திறந்து கொடுத்தது.

கேர்ன்சி 2018 ஒக்ரோபர் 10ஆம் திகதி வாக்கெடுப்பு வைத்தது. அந்தத் தீவின் முதலாவது சர்வசன வாக்கெடுப்பு அது. அதுவரை ஏழு தொகுதிகள், 38 பிரதிநிதிகள். சீட்டில் ஐந்து தெரிவுகள்: பழைய ஏழு தொகுதி முறை, தீவு முழுவதும் ஒரே தொகுதி, இரண்டும் கலந்தது என்று இப்படி. சனங்கள் 1, 2, 3 என்று விருப்பு ஒழுங்கில் இலக்கமிட வேண்டும். 40 வீதத்தினர் வாக்களித்தால் முடிவை நடைமுறைப்படுத்துவோம் என்று சட்டசபை முதலே ஒப்புக்கொண்டிருந்தது. வந்தது 45 வீதம். கடைசிச் சுற்றில் 52 வீதத்துக்குச் சற்று மேல் பெற்று 'ஒரே தொகுதி' வென்றது, 2020 தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது.

முடிவு தெரியாத நேரத்தில்தான் முடிவுக்குக் கட்டுப்படும் சம்மதத்தை வாங்க முடியும். பெட்டி திறந்த பிறகு யாரும் தரமாட்டார்கள். இதை நான் நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது தலைவர் அண்ணை கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதுங்கோ ரீச்சர்" என்றார். எழுதினோம். உறுப்பினரில் அரைவாசிக்கு மேல், அதாவது 49 பேர் வாக்களித்தால் முடிவு கட்டுப்படுத்தும். குறைந்தால் பழைய முறை தொடரும். எந்த முறை வந்தாலும் இரண்டு வருடம் அதை மாற்ற முடியாது. அதன் பிறகு மூன்றில் ஒரு பங்கினர், 32 பேர், கையெழுத்திட்டுக் கேட்டால் மீண்டும் வாக்கெடுப்பு. ஒன்பது பேரும் ஒப்பமிட்டார்கள். இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கிற எந்தச் சங்கத்துக்கும், வாக்குச்சீட்டை அச்சடிக்க முன்னர் இந்தப் பக்கத்தை எழுதுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

வாக்கெடுப்பு என்ற சொல்லே சிலருக்குக் கசப்பு. குளத்தடியில் எண்பதைத் தாண்டிய பெரியப்பா ஒருவர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, "பிள்ளை, விளக்கா குடமா எண்டு எங்களிட்ட முந்தியும் ஒருக்காக் கேட்டவை" என்றார். 1982 டிசம்பர் 22ஆம் திகதியைச் சொல்கிறார். பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் ஆறு வருடம் நீட்டலாமா என்று ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் கேட்டது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். வடக்கு குடத்துக்குப் போட்டது, நாடு 54 வீதத்துக்குச் சற்று மேல் விளக்குக்குப் போட்டது. "எங்கட குடம் வெறுங்குடமாப் போச்சு. கேட்கிறவன் தனக்கு வேண்டிய மறுமொழியை முதலே கேள்விக்குள்ள வைச்சிட்டான்" என்றார் பெரியப்பா.

அந்தப் பேச்சு என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. ஆம், இல்லை என்று இரண்டே பக்கம் வைத்தால், கேள்வியை எழுதுகிறவரே பாதி வெற்றியை எடுத்துக்கொள்கிறார். சின்னமும் அப்படித்தான். விளக்கு என்றாலே எங்கள் சனத்துக்கு மங்கலம். அதனால் சின்னமே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வீடு, சைக்கிள், வீணை எல்லாம் கட்சிகளிடம் போய்விட்டன, மிச்சமாக எதை வைத்தாலும் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

முதலில் தெரிவுகளுக்கு 1, 2, 3, 4 என்று இலக்கம் போட்டேன். அது என்னுடைய பிழை. மாதிரிச் சீட்டை ஆறு பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது நான்கு பேர், ஒன்றாம் தெரிவுக்கு நேரே 1, இரண்டாம் தெரிவுக்கு நேரே 2 என்று அச்சிட்டதைப் பார்த்து எழுதுவதுபோல எழுதி வைத்தார்கள். எந்தச் சீட்டையும் அச்சகத்துக்குக் கொடுக்க முன்னர் ஆறு பேரிடமாவது கொடுத்துப் பாருங்கள். பிறகு எழுத்துக்கு மாற்றினேன். 'அ' இப்போதுள்ள கை உயர்த்தும் முறை. 'ஆ' ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூன்று பேர். 'இ' முழுச் சங்கத்துக்கும் ஒரே பட்டியல், இரகசிய வாக்கு, ஆளுக்கு ஒன்பது புள்ளடி. 'ஈ' கலப்பு: குடியிருப்புக்கு ஒருவர் நிச்சயம், மிகுதி ஆறு பேர் பொதுப் பட்டியலில்.

விருப்பு ஒழுங்கை விளங்கப்படுத்துவதுதான் பெரிய வேலை. விருப்பு வாக்கு எங்களுக்குப் புதிதல்ல. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்து ஆறு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறோம், கட்சிக்குப் புள்ளடி போட்டு மூன்று பேர் வரை விருப்பிலக்கத்துக்கும் போடுவோம். ஆனால் அந்த மூன்றும் சமமான வாக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது ஜனாதிபதித் தேர்தலில் மட்டுந்தான். அங்கும் பெரும்பாலானோர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவோம். 2024 செப்ரெம்பரில் யாருக்கும் 50 வீதம் கிடைக்காமல், முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தபோதுதான் 'அட, அந்த இரண்டும் மூன்றும் உண்மையிலேயே எண்ணப்படுமா' என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி சூடாக இருக்கும்போதே நாங்கள் தொடங்கியது நல்லதாய்ப் போயிற்று.

காட்டோரத்தில் மரத்தின் கீழ் கூட்டம். "ரீச்சர், உந்த ஒண்டு ரெண்டு மூண்டு எங்களுக்கு ஏலாது. புள்ளடி போடத்தான் தெரியும்" என்றார் ஒரு அக்கா.

"சரி அக்கா, விடியச் சாப்பாட்டுக்கு என்ன விருப்பம்?"

"புட்டு."

"கடைக்குப் போறியள், புட்டு முடிஞ்சு போச்சு. என்ன எடுப்பியள்?"

"இடியப்பம்."

"அதுவும் முடிஞ்சுது எண்டால்?"

"பாண்தான். வேறென்ன செய்யிறது."

"இப்ப நீங்கள் மூண்டு இலக்கமும் போட்டு முடிச்சிட்டியள்."

அன்றைக்கே புட்டு, இடியப்பம், தோசை, பாண் என்று எழுதிய சீட்டில் ஒரு ஒத்திகை வாக்கெடுப்பு நடத்தினோம். ஆகக் குறைவாக 1 பெற்ற பாண் முதலில் வெளியேறியது. பாணுக்கு 1 போட்ட பிள்ளையின் சீட்டை எல்லோர் முன்னாலும் உயர்த்திக் காட்டி, அதில் 2 எங்கே இருக்கிறது என்று அவனையே வாசிக்கச் சொல்லி, தோசைப் பெட்டிக்குள் போட்டோம். "அப்ப இவன்ர வாக்கு வீணாப் போகேல்லை" என்றார் அந்த அக்கா. பத்துத் துண்டுப்பிரசுரம் எழுதியிருந்தாலும் அவ்வளவு விளங்கியிருக்காது. மூன்று குடியிருப்பிலும் இதையே செய்தோம்.

ஒரு விதியை மட்டும் நாட்டு வழக்கத்திலிருந்து எடுத்தோம். தனிப் புள்ளடி ஒன்று இருந்தால் அதை 1 என்று கொள்வோம். பல வருடப் பழக்கத்தில் கை தானாகவே புள்ளடி போட்டுவிடும், அதற்காக ஒருவரின் விருப்பத்தைத் தள்ளிவிடக்கூடாது. இரண்டு புள்ளடி என்றால் நிராகரிப்பு.

2025 மாசியில் வாக்கெடுப்பு. பொதுக்கூட்டத்தில் வைக்கவில்லை. பால் கொண்டுவரும் நேரத்தில், பால் கொண்டுவரும் இடத்தில் வைத்தோம். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நிலையத்தில், பின்னேரம் அதே பெட்டியைச் செலோரேப் ஒட்டிய முத்திரையோடு மோட்டார் சைக்கிளில் காட்டோரத்துக்குக் கொண்டுபோனோம். பெட்டி பிஸ்கட் தகரம். கூடவே மூன்று குடியிருப்பிலிருந்தும் ஆளுக்கொருவர் வந்தார்கள். 71 பேர் வாக்களித்தார்கள். எங்கள் பொதுக்கூட்டத்துக்கு ஒருநாளும் அவ்வளவு பேர் வந்ததில்லை.

எண்ணியது மறுநாள் பின்னேரம், பாய் விரித்து, எல்லோரும் சுற்றி இருக்க. மூன்று சீட்டு நிராகரிப்பு, 68 செல்லுபடி. முதற்சுற்று: அ 14, ஆ 22, இ 21, ஈ 11. குளத்தடிப் பொடியள் கைதட்டினார்கள், 'ஆ' முன்னுக்கு. நான் ஒவ்வொரு பெட்டியிலிருந்த சீட்டுகளையும் இறப்பர் வளையம் போட்டுக் கட்டி, கடைசியாக வந்த 'ஈ'யின் 11 சீட்டையும் ஒவ்வொன்றாக விரித்தேன். ஐந்து 'ஆ'வுக்கு, நான்கு 'இ'க்கு. இரண்டு சீட்டில் 1 மட்டுந்தான், பிறகு வெறுமை. அவற்றைத் தனியாக ஒரு ஓலைப்பெட்டியில் வைத்தோம். இப்போது அ 14, ஆ 27, இ 25. அடுத்தது பழைய முறையான 'அ' வெளியேற வேண்டும். அந்த 14ஐ விரிக்கும்போது ஒருவரும் பேசவில்லை. பால் கான் ஒன்றின் மூடி விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. எட்டு 'இ'க்கு, மூன்று 'ஆ'வுக்கு, மூன்று ஓலைப்பெட்டிக்கு.

'இ' 33. 'ஆ' 30.

இரண்டு சுற்று முன்னுக்கு நின்ற தெரிவு தோற்றுவிட்டது. "இது ஆரோ செய்த கணக்கு" என்று குளத்தடித் தம்பி ஒருவன் எழும்பினான். நான் அவனையே பாயில் இருத்திச் சீட்டுகளை முழுக்க இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். தன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். அதே இலக்கம். அவன் பிறகு கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "ரீச்சர், ஓலைப்பெட்டிக்குள்ள அஞ்சு கிடக்கு. வித்தியாசம் மூண்டுதானே?" ஆம். அந்த ஐந்து பேரும் எல்லாச் சதுரத்தையும் நிரப்பியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். 2024 ஜனாதிபதித் தேர்தலிலும் சீட்டுகள் இப்படித்தான் ஒதுங்கின. முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க இறுதியில் 55.89 வீதம் என்று அறிவிக்கப்பட்டார். ஆனால் அவருக்குப் புதிதாகச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 105,264 மட்டுமே. முதலிரண்டு பேருக்கும் விருப்பு எழுதாத சீட்டுகள் கணக்கிலிருந்து விலகியதால் வீதம் உயர்ந்தது. ஒத்திகையின்போது 'விருப்பமில்லாவிட்டால் மிச்சத்தை விடலாம்' என்று சொல்லியிருந்தேன். இனி அப்படிச் சொல்லமாட்டேன். பிடிக்காத இரண்டில் எது குறைவாகப் பிடிக்காது என்பதையும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

பங்குனியில் புதிய முறையில் நிர்வாகத் தெரிவு. ஒன்பது இடத்துக்கு 23 பேர். கேர்ன்சியில் 2020இல் 38 இடத்துக்கு 119 பேர் நின்றார்கள், ஒருவர் 38 வாக்கு வரை போடலாம். அதைப் படித்தபோது மலைத்தேன், 23 பெயரே எங்களை மலைக்க வைத்தது. பலர் தெரிந்த நாலைந்து பேருக்குப் போட்டுவிட்டுச் சீட்டை மடித்தார்கள். பெயர்களை அகர வரிசையில் போட்டிருந்தேன், மேலே இருந்தவர்களுக்கு அது உதவியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. அடுத்த தடவை சீட்டுக் குலுக்கித்தான் ஒழுங்கு.

வீதிக்கரைக்கு ஆறு பேர், குளத்தடிக்கு மூன்று. காட்டோரத்துக்கு ஒருவருமில்லை. போத்தலோடு வந்த அந்த அக்கா பத்தாவது. இரண்டு வாக்கால் தவறினார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ அவர்களுக்கே ஆசனம் இல்லை. தொகுதியைக் கலைத்து ஒன்றாக்கினால் எண்ணிக்கையில் சிறிய இடம் கரைந்து போகக்கூடும் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்னர் அதை நான் இன்னும் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும். செயலாளர் பக்கம் சாயக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சாய்வது வேறு, ஒவ்வொரு தெரிவிலும் யாருக்கு என்ன இழப்பு என்று எடுத்துச் சொல்வது வேறு. அதைச் சீட்டோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. ஒன்பது புள்ளடியும் எல்லோரிடமும் இருந்ததால், நின்ற 23 பேரில் அரைவாசிப்பேராவது காட்டோரத்துக்கு வாக்குக் கேட்டுப் போனார்கள். வீதிக்கரையில் பிறந்து வளர்ந்த சிலர் அந்த ஆறு கிலோமீற்றரை வெயிலில் ஓடியது அன்றைக்குத்தான் முதல் தடவை. திரைந்த பால் கதையை ஒவ்வொரு படலையிலும் கேட்டுவிட்டு வந்தார்கள். வைகாசியில் புதிய நிர்வாகம் ஒரு தம்பியைச் சம்பளத்துக்கு வைத்தது. காலை ஆறரைக்கு இரண்டு கானோடு மோட்டார் சைக்கிளில் போய், அங்கேயே அளந்து, லக்டோமீற்றரில் பாலின் அடர்த்தி பார்த்து, துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாலோடு வருகிறான். நிர்வாகத்தில் இப்போது நான்கு பெண்கள். கை உயர்த்திய காலத்தில் ஒருவர்தான் இருந்தார், அது நான்.

அந்த அக்கா இதற்கெல்லாம் சந்தோஷப்பட்டார், ஆனால் மனம் ஆறவில்லை. "இண்டைக்குத் தம்பி வாறான். நாளைக்கு நிப்பாட்டினால் கேட்க உள்ளுக்கு எங்கட ஆள் வேணும் ரீச்சர்" என்கிறார். அவர் சொல்வது சரி. குடியிருப்புக்கு ஒருவர் நிச்சயம், மிச்சம் பொது என்ற 'ஈ'தான் எங்களைப் போன்ற சங்கத்துக்குப் பொருந்தும் என்பது இப்போது என் எண்ணம். முதற்சுற்றிலேயே வெளியேறியது அதுதான். அதற்கு அன்றைக்குப் பேச ஆளில்லை.

2027 மாசியில் இரண்டு வருடம் நிறைகிறது. அக்கா இப்போதே கொப்பித்தாள் ஒன்றோடு நடக்கத் தொடங்கிவிட்டார். போன கிழமை என்னிடம் காட்டினார், 29 கையெழுத்து. நான்கு பேர் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்கள், அது செல்லுமா என்று கேட்டார். செல்லும் என்று அறிக்கைப் புத்தகத்திலேயே எழுதி, தலைவரின் ஒப்பமும் வாங்கி வைத்துவிட்டேன். மிச்சம் மூன்றுக்குக் குளத்தடிக்குப் போகப்போகிறாராம். அன்றைக்குப் பாயிலிருந்து எண்ணிய அந்தத் தம்பியின் வீட்டுக்குத்தான் முதலில்.